இருதயத் துடிப்பும் உயிரும்

திருச்சிற்றம்பலம்



இராசபாளையத்தைச் சார்ந்த ஆலங்குளத்தில் நாம் சிவஞானபோத விரிவுரை நிகழ்த்தியபோது, அன்பர் ஒருவர் எழுந்து, “இருதயம் நின்றால் உயிர் நீங்குகின்றது, ஆதலின் இருதயமே உயிர் எனக் கொள்ளலாகாதோ?” என வினவினார். அன்று கூறிய விடையை ஈண்டுச் சற்றே விரிக்கின்றோம்.

முதற்கண் இருதயத்தின் தொழிலை உள்ளவாறு அறிதல் வேண்டும். அது நான்கு அறைகளையுடைய தசைப்பை. உடலெங்கும் உலவி மீண்ட குருதி வலப்பாலும், நுரையீரலிற் பிராணவாயுவைப் பெற்ற குருதி இடப்பாலும் வந்து நிரம்பும். வலது மேலறையில் உள்ள சிறு கணு ஒன்றில் மின்தூண்டல் எழ, மேலறைகள் சுருங்கித் தம்பால் எஞ்சிய குருதியைக் கீழறைகளுக்குத் தள்ளும். பின்னர்க் கீழறைகள் சுருங்க, இடைக்கதவங்கள் மூடிக்கொள்ளும். முதல் ஓசை அதுவே. உடனே வலப்பாற் குருதி நுரையீரலுக்கும், இடப்பாற் குருதி பெருந்தமனி வழியே உடல் முழுமைக்கும் பாயும். கீழறைகள் தளருங்கால் தமனிவாயிற் கதவங்கள் மூடுவது இரண்டாம் ஓசை. இவையனைத்தும் ஏறக்குறைய 0.8 விநாடியில் முடிவன. ஒரு துடிப்பிற்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்திற்கு 5 லிட்டர், நாளொன்றுக்கு 1 லட்சம் துடிப்பு என்பது ஒருவாறான கணக்கு.

இத்தொழில் உறக்கத்தும் ஒழிவதில்லை. சுழுத்தியில் உயிர் இருதயத் தானத்தே ஒடுங்கும் என்பது நூற்றுணிபு. அத்தானத்தே இருந்தும் அது ஒரு துடிப்பையேனும் அறிந்திலது. உறக்கத்தில் பிராணன் இயங்கவும் நுகர்ச்சியும் செயலும் இன்மை காட்டி, பிராணனின் வேறாய் உயிர் உண்டென நிறுவிற்று மூன்றாஞ் சூத்திரம். அந்நியாயம் இருதயத்திற்கும் ஒக்கும். இருதயமே அறியும் பொருளாயின், அது துடிக்கும் உறக்கத்தும் அறிவு நிகழ்தல் வேண்டும், நிகழக் காணோம்.

இக்கால மருத்துவமும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1967இல் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டும், 1994இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் டாக்டர் வேணுகோபாலும் ஒருவர் இருதயத்தைப் பிறரொருவர் உடலிற் பொருத்தினர். இன்று அச்சிகிச்சை பலர்க்கும் நிகழ்கின்றது. பிறர் இருதயம் பெற்றும், தம் மனைவி மக்களை அறிபவரும் முன் நிகழ்ந்தவற்றை நினைப்பவரும் பழைய அவரே. கருவி மாறிற்று, கருவியையுடைய உயிர் மாறிற்றிலது.

அற்றேல், கணுவே இருதயத்தை இயக்குமாயின் இறைவன் எற்றுக்கெனின், கூறுதும். கணு சடம்; குடத்திற்குத் திரிகை போலத் துணைக்காரணமாவதன்றி நிமித்தமாகாது. உயிரோ, உறங்குங்கால் தன்னையே அறியாதது. ஆதலின் அறிவுடையதாய் உடன்நின்று இயக்குவது திருவருளே என்க.

பூசலார் நாயனார் திருக்கோயில் எடுத்தது இத்தசைப்பையிலன்று. அன்பின் நிலைக்களமாகிய உள்ளத்தே. திருநின்றவூர் இருதயாலீசர் திருமுன் இருதயநோயுற்றோர் பலர் வேண்டி நிற்பர். அவர்க்கு நாம் கூறுவது இது: வழிபடுக, மருத்துவரையும் விலக்கற்க. கருவியைத் தந்தவன் அதனைப் பேணும் அறிவையும் தந்தான்.

நாடோறும் 1 லட்சம் முறை, கேளாமலே அருளப்படுகின்றது வாழ்நாள். அவற்றுள் ஒரு துடிப்பளவேனும் திருவைந்தெழுத்திற்கு ஈந்தோமா என்பதே நாம் நம்மை வினவற்பாலது.

திருச்சிற்றம்பலம்