ஒரு கவளம் குறைய உண்ணல்



அட்டமியும் சதுர்த்தசியும் தவறாது உபவாசம் காக்கும் இல்லங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. அவ்வில்லங்களில் பாரணை நாளன்று இலையில் என்னென்ன இடம்பெறுகின்றன என்பதை இவ்விதழில் எண்ணிப் பார்க்க விழைகிறோம். நேற்றெல்லாம் உண்ணாதிருந்தவர் என்னும் அன்பினால் தாய்மார் வடையும் பாயசமும் சமைத்து, மறுக்க மறுக்கப் பரிமாறுகின்றனர். உண்பவரும், ‘நேற்றைக்கு ஈடாயிற்று’ என்று மனத்துள் ஒரு கணக்கு எழுதிக்கொள்கிறார்.

பணியின் பொருட்டு நாம் அதிராம்பட்டினத்தில் குடியிருந்த காலத்தில், மன்னார்குடியிலிருந்து மாமா முறையினர் ஒருவர் வந்து சில நாள் தங்கினார். அறுபதைக் கடந்தவர், நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். எடையைக் குறைத்தாக வேண்டுமென்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். மாமாவோ மருத்துவர் சொன்னதையும் அறநூல் சொன்னதையும் ஒன்றாக இணைத்து, திங்கள்தோறும் நான்கு உபவாசம் எனத் தொடங்கி எட்டுத் திங்கள் காத்துவிட்டார். எடை இறங்கவில்லை. ஒருநாள் மாலை வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, “தருமமும் என்னைக் கைவிட்டுவிட்டதோ?” என்றார். நெடுங்காலம் மல்லிநாதர் ஜினாலயத்தில் வழிபட்டு வரும் ஒருவர் வாயிலிருந்து அச்சொல் வந்தது நம்மைச் சுட்டது.

“மாமா, தருமம் கைவிடவில்லை, முன்னாளும் பின்னாளும் என்ன உண்டீர்கள்?” என்று கேட்டோம். மறைக்காமல் கூறினார். நாளை உபவாசம் என்றால் முன்தினம் பொழுது சாயுமுன் வயிறு நிறைய உண்பார். பாரணை நாளிலோ விருந்து. அங்கேயே கணக்கிட்டுக் காட்டினோம். அவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு வழக்கம் என்று கொள்வோம். உபவாச நாளில் அந்த 2,000 மிச்சம். முன்தினம் கூடுதலாக 600, பாரணையன்று கூடுதலாக 1,000 சென்றால் மிஞ்சுவது 400. நான்கு உபவாசத்துக்கு 1,600. உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைவதற்கோ ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். மற்ற நாள்களில் ஒரு கரண்டிச் சோறு மிகுந்து விழுந்தாலே அந்த 1,600-உம் போயிற்று. இதற்கு மாறாக, நாள்தோறும் 250 கலோரி குறைத்தால் திங்களில் 7,500 ஆகிறது. உடல் மெலியுந்தோறும் அதன் செலவும் சற்றுக் குறையுமாதலின் இக்கணக்கு எழுதியபடியே பலிக்காது. ஆயினும் திசை தெளிவு.

உபவாசம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. நம் ஆசாரியர்கள் இம்மயக்கத்தை முன்னரே அறிந்திருந்தனர் என்பதே நாம் சொல்ல வருவது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்த புரோஷதோபவாசத்தில், உபவாசத்தின் இருபுறமும் ஒருபொழுது உண்ணும் நாள்கள் காவலாக நிற்கின்றன. அந்நூலைத் தழுவியெழுந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் ஓதப்படுவதே. நடுவிலுள்ள பட்டினியை மட்டும் பற்றிக்கொண்டு இருபுறத்து வேலியையும் நாம் பிடுங்கிவிட்டோம்.

இன்னும் ஒன்று. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் புறத்தவம் ஆறினை வரிசைப்படுத்துகையில், அனசனத்தை அடுத்து இரண்டாவதாக வைத்தது அவமோதரியம், அதாவது வயிறு நிரம்பாது உண்ணல். ஆடவர்க்கு 32 கவளமும் பெண்டிர்க்கு 28 கவளமும் நிறைவுணவு என்பர். அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அது தவமே. உபவாசத்தை ஊர் அறியும், கண்டவர் வணங்குவர். ஒரு கவளம் குறைத்ததை எவர் அறிவார்? புகழில்லாத தவம் என்பதாலேயே அது கடினமாயிற்று என்பது நம் எண்ணம்.

இக்கால ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 100 பேரைக் கொண்டு ஓராண்டு நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. ஒருநாள் மிகக் குறைத்து மறுநாள் மிகுத்து உண்டோருக்கும், நாள்தோறும் சிறிது குறைத்தோருக்கும் எடை ஏறத்தாழ ஒரே அளவே குறைந்தது. ஆனால் முதல் வகையில் 100-க்கு 38 பேரும் இரண்டாம் வகையில் 29 பேரும் இடையில் விலகினர். கூட்டுத்தொகை ஒன்றாயின் உடல் அதிகம் வேறுபாடு காட்டாது. நிலைத்து நிற்பதில்தான் வேறுபாடு.

1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் செய்த ஆய்வையும் நாம் அறிதல் நன்று. அதற்குத் தம் உடலை அளித்த 36 இளைஞரும் போரில் கொல்ல மாட்டோம் என்று ஆயுதம் மறுத்தவர்கள். அவ்வகையில் அவர்கள் நமக்கு அயலார் அல்லர். 24 வாரம் அரைகுறை உணவில் வாழ்ந்து, எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். தடை நீங்கியபின் வயிறு நிறைய உண்டும் பசி அடங்கவில்லை என்றனர் பலர். ஒருநாள் உபவாசத்தை அந்நீண்ட பட்டினியோடு ஒப்பிடலாகாது. எனினும் ஒடுக்கப்பட்ட பசி திரும்பும்போது எவ்வளவு வலியதாகத் திரும்பும் என்பதை அது காட்டுகிறது.

அதிராம்பட்டினம் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. அங்குள்ள உழவரைக் கேட்டால் தெரியும்: பத்து நாள் வறண்டு கிடந்த வயலில் ஒரே நாளில் வெள்ளம் புகுந்தால் பயிர் பிழைப்பது அரிது, சிறு நீராயினும் முறை தவறாது வருவதையே அவர்கள் வேண்டுகின்றனர். அவ்வூரில் இசுலாமியர் மிகுதி. நோன்புக் காலத்தில் எம் அண்டை வீட்டுப் பெரியவர் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, ஒரு கிண்ணம் கஞ்சியோடு தொழுகைக்கு எழுந்துவிடுவார். “நோன்பு திறக்கிற நேரத்துலதான் தம்பி கை நிதானமா இருக்கணும்” என்பார். அதன்பின் நள்ளிரவு வரை உண்டு பெருநாளுக்குள் பருத்துப்போகும் இளைஞரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு!

விருந்தில் அளவு மீறிவிட்டால் என் செய்வது என்று சிலர் கேட்கின்றனர். மறுநாள் தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் அஞ்ச வேண்டா; அதிற் பெரும்பகுதி உப்பும் மாவுணவும் பிடித்துவைத்த நீர்; சில நாளில் நீங்கும். அதற்குத் தண்டனையாக முழுப் பட்டினி கிடப்பதே அடுத்த மீறலுக்கு விதை. பிரதிக்கிரமணம் என்பதற்குத் திரும்பி வருதல் என்றே பொருள். அடுத்த வேளையில் வழக்கமான அளவுக்குத் திரும்பினால் போதும்.

நீரிழிவு உடையோர்க்கு ஒரு சொல். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயினர். மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மருத்துவரைக் கேளாது உபவாசம் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி உயிருக்கே இடராகலாம். உடல் இயலாதவர்க்கு ஒருபொழுது உண்ணலும் அவமோதரியமும் திறந்தே உள்ளன.

அட்சய திருதியையை நாம் ஏன் போற்றுகிறோம்? நெடுந்திங்கள் உணவின்றியிருந்த விருஷபதேவருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் ஈந்தது கரும்புச்சாறு. பகவான் அதை இரு கைகளில் ஏற்றார். நம் பாரணைகளுக்கெல்லாம் தலையாய பாரணை அது.

மாமா இப்போது மருத்துவர் இசைவோடு மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு சதுர்த்தசிகளில் மட்டும் உபவாசம் காக்கிறார். பாரணை, ஒருபொழுது பயற்றங்கஞ்சி. மற்ற நாளெல்லாம் ஒரு கரண்டிச் சோறு குறைவு. ஆறு திங்களில் மூன்றரைக் கிலோ இறங்கியதாகக் கடிதம் எழுதியிருந்தார். மாமி மட்டும் இன்னும் கரண்டியும் கையுமாக இலையருகில் நிற்கிறாராம். இவர் இலையின் மேல் கையை விரித்து மறைக்கிறாராம்.