மேல்கோட்டைத் திருக்குலத்தாரும் அறச்சிந்தனை வளர்ச்சியும்

இளங்குழந்தை விதியைப் பெரியோர் இட்ட மாற்றவொண்ணாக் கட்டளையாகக் கொள்கிறது. வளர்ந்தபின் அதனைப் பலரும் ஒப்பி வகுத்த ஏற்பாடாக உணர்கிறது. 1932இல் வெளிவந்த தம் நூலில் ழான் பியாஜே கண்ட முடிபு இது. 1958 முதல் இவ்வாய்வை மேற்பருவங்களுக்கும் விரித்த கோல்பர்க், தண்டனைக்கு அஞ்சி நடப்பதை முதற்படியாக வைத்தார்.

ஆசாரியர் ஆணையை மீறினால் நரகம் என்பதறிந்தும் திருக்கோட்டியூரில் மந்திரப்பொருளைப் பலரறியச் சொன்னவர் எனக் குருபரம்பரை நூல்கள் போற்றும் இராமானுசர், அம்முதற்படியைத் தொலைவில் விட்டவர். பின்னர் அவர் மேல்கோட்டையில் தங்கியிருந்தபோது, தீண்டத்தகாதோர் எனப்பட்டோர்க்குத் ‘திருக்குலத்தார்’ எனப் பெயரளித்துக் கோயில் நுழைவும் அளித்தார் என்பது மரபு. அந்நுழைவோ ஆண்டின் குறித்த சில நாள்களுக்கு மட்டும் உரியதாய் நூற்றாண்டுகள் நீடித்தது. விதியை மீறிப் பிறந்த செயலே விதியாக இறுகிற்று. நுழைவின் நோக்கத்தை விடுத்து நாள்களின் எண்ணிக்கையைக் காத்தோர், கல்வியில் எத்துணைச் சிறந்திருப்பினும், பியாஜே காட்டும் இளங்குழந்தையின் நிலையினரே எனல் தகும். கடுஞ்சொல்லாயினும் வேறு சொல் பொருந்தாது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. சட்டத்திற்கு அஞ்சிக் கோயிற்கதவைத் திறப்பதும் அறமெனத் தெளிந்து திறப்பதும் புறத்தே ஒரே செயல்தான். கோல்பர்க் தம் வினாக்களால் அளந்தது செயலையன்று, அதற்கு ஒருவர் கூறும் காரணத்தையே.