இழப்பை யார் சுமப்பது?

2022 ஜனவரியில் ராக் பாடகர் நீல் யங் தம் பாடல்களை இசை ஸ்ட்ரீமிங் தளமான ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அங்கே ஜோ ரோகன் நடத்தும் பாட்காஸ்டில் கொரோனா தடுப்பூசி பற்றிப் பொய்ச்செய்திகள் பரவுகின்றன என்பது அவர் புகார். ஒன்று ரோகன் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்றார். நிறுவனம் ரோகனை வைத்துக்கொண்டது. யங்கின் பாடல்கள் சில நாளில் மறைந்தன. பாடகி ஜோனி மிட்செலும் விலகினார். இதை மனச்சாட்சி என்பதா, அடுத்தவர் வாயை அடைக்கும் முயற்சி என்பதா?

கனடாவில் வளர்ந்த இருவரையும் சிறுவயதில் போலியோ தாக்கியது. யங் படுக்கையில் விழுந்தது 1951-இல், ஐந்து வயதில். அதற்கான தடுப்பூசி வந்தது 1955-இல். மிட்செலின் இடக்கை வலுவிழந்தது. வழக்கமான சுரக்கூட்டுகளுக்கு (chords) விரல்கள் வளையாததால், கிதார் கம்பிகளின் சுருதியையே மாற்றிக் கட்டி வாசித்தார். தடுப்பூசி பற்றிய பேச்சு இவர்கள் உடம்பைத் தொட்ட விஷயம்.

எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மருத்துவ உலகமும் தவறியதுண்டு. கேள்வி கேட்பவரை ஒதுக்கினால் பிழை பிழையாகவே நின்றுவிடும். யங்கின் கோரிக்கையிலும் ஒரு முள் இருக்கிறது: 'நான் போகிறேன்' என்பதோடு நிற்காமல், 'அவரா நானா' என்று கேட்டது நெருக்கடி கொடுப்பதுதான்.

ஆனால் அந்த நெருக்கடியின் சுமை யார் தலையில் விழுந்தது? ஸ்ட்ரீமிங்கில் தம் பாடல்கள் கேட்கப்படுவதில் 60 சதவீதம் ஸ்பாட்டிஃபையில்தான் என்று எழுதிய பிறகே யங் வெளியேறினார். ரோகனின் நிகழ்ச்சி ஒரு நாளும் நிற்கவில்லை. தன் உழைப்பைத் தன் கையால் திரும்ப எடுத்துக்கொள்பவரை அடக்குமுறையாளர் என்பது நியாயமாகாது.

நிறுவனத்தின் நிலை வேறு. யார் எதை வைத்தாலும் ஏற்கும் வெறும் அலமாரியாக அது இருக்கவில்லை. 2020-இல் பெரும்பணம் கொடுத்து ரோகனின் நிகழ்ச்சியைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. காசு கொடுத்து அழைத்து வந்த குரலுக்குப் பொறுப்பும் உண்டு. கொரோனா பற்றிய நிகழ்ச்சிகளில் தகவல் பக்கத்துக்கான இணைப்பைச் சேர்ப்பதாக அது அறிவித்தது இசைஞர்கள் வெளியேறிய பிறகுதான்.

அதே சமயம், விலகாத இசைஞர்களைக் குறை சொல்லவும் கூடாது. பல்லாண்டுப் புகழ் உள்ளவருக்குத் தாங்கக்கூடிய இழப்பு, மாதாந்தரம் வரும் சொற்பத் தொகையை நம்பியிருக்கும் இளம் பாடகரின் அடுப்பை அணைத்துவிடும். தியாகத்தைத் தானாக ஏற்கலாம். பிறர்மேல் சுமத்த முடியாது.

2024-இல் ரோகனின் நிகழ்ச்சி மற்றத் தளங்களுக்கும் போனபோது, எல்லாவற்றையும் விட்டு விலக வழியில்லை என்று யங் திரும்பி வந்தார். தோற்றுவிட்டார் என்றார்கள். பொய்யென்று தான் நம்பிய ஒன்றோடு சேர்ந்து சம்பாதிக்க இரண்டு ஆண்டு மறுத்தவர் அவர். அந்த இரண்டு ஆண்டை அவர் திரும்பக் கேட்கவில்லை.