ஆலைச் சுவருக்குள் யாருக்கு இலை?

பழைய கட்டடம் ஒன்றை இடிக்காமல் காப்பது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் செங்கல்லைக் காத்துவிட்டு, அங்கே உழைத்த மனிதரை வெளியே நிறுத்தினால் நாம் காத்தது எதை? ஆலைகள் உணவகங்களாக மாறிவரும் இந்நாளில் இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது நலம். மும்பை மாநகரே அதற்குத் தக்க சான்று.

அந்நகரின் நடுப்பகுதிக்குக் 'கிரண்காவ்' என்றொரு பெயருண்டு. மராத்தியில் 'ஆலைகளின் ஊர்' என்பது பொருள். 1854-இல் நிறுவப்பட்ட முதல் பருத்தி ஆலையைத் தொடர்ந்து பல ஆலைகள் அங்கு எழுந்தன. நூல் அறாதிருக்கும் பொருட்டு ஆலைக் காற்றில் ஈரம் கூட்டப்படும். நூலுக்கு ஏற்ற காற்றையே தொழிலாளியும் சுவாசித்தார்.

அவரது பசியை ஆற்றியவர்களோ ஆலைக்கு வெளியே இருந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆடவர்க்கு, அருகிலிருந்த சிறு வீடுகளில் பெண்கள் சமைத்துப் பரிமாறினர். மாதக் கணக்கில் பணம் பெற்றனர். 'கானாவள்' எனப்பட்டவை இச்சாப்பாட்டு இல்லங்கள். அப்பெண்களைக் கடன்சுமையிலிருந்து மீட்க, 1975-இல் பிரேமா புராவ் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கத்து உணவகத்தின் இலக்கணம் அவ்வடுக்களைகளில் எழுதப்பட்டது எனலாம்: உண்பவர் யாரென்று பரிமாறுபவருக்குத் தெரியும், கூலி வராத மாதத்தில் கணக்குக் காத்திருக்கும்.

1982 சனவரி 18-இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல்லாயிரவர் மீண்டும் ஆலைக்குள் நுழையவே இல்லை. காலப்போக்கில் ஆலை வளாகங்களில் அலுவலகங்களும் அங்காடிகளும் உணவகங்களும் குடியேறின. பூசப்படாத செங்கற்சுவரும் இரும்புத் தூணும் இன்று அழகுப் பொருள்கள். ஆனால் அவ்வளாகங்களில் ஒருவேளை உணவின் விலை, பழைய தொழிலாளியின் வீட்டாரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

"உணவகம் நடத்துவோர் சத்திரமா நடத்துகின்றனர்? வாடகையை யார் கொடுப்பது?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். நாம் வேண்டுவது தருமம் அன்று. பழைய ஆலையின் தோற்றமே வாடிக்கையாளரை ஈர்க்கிறதெனில், அத்தோற்றத்தில் படிந்துள்ள உழைப்பும் அவ்வணிகத்தின் முதலீடாகிறது. முதலீடு தந்தவருக்குப் பங்கு தருவது கடமை. அதை ஈகை என்று சொல்வது பொருந்தாது.

அப்பங்கை வரைபடத்திலேயே குறித்துவிடலாம். தெருவைப் பார்த்த வாயில், வெளியே தெரியும் விலைப்பலகை, நண்பகலில் எளிய விலையில் ஒரு சாப்பாடு, அடுக்களையில் அப்பகுதியாருக்கு வேலை: இவை கட்டடக் கலைஞரும் உரிமையாளரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவுகள்.

எல்லாவற்றுக்கும் முந்தியது உயிர்க்காப்பு. 2017 திசம்பர் 29-இல், கமலா மில்ஸ் வளாகத்து மாடி உணவகமொன்றில் மூண்ட தீயில் 14 பேர் மாண்டனர். கழிப்பறைக்குள் புகலடைந்த பலர் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். விருந்துக்கு அழைத்தவர் விருந்தினர் பத்திரமாக வெளியேறும் வழிக்கும் பொறுப்பாளியே. அலங்காரத்திற்குச் செலவிட்ட சிந்தனையில் ஒரு பகுதியேனும் அவ்வழிக்குச் சென்றதா என்று கேட்பது நமது உரிமை.

சுவர் பழையதாக இருப்பதனால் மட்டும் நினைவு வாழ்ந்துவிடாது. அச்சுவருக்கு அயலில் வாழ்பவரும் உள்ளே வந்து, கூசாமல் அமர்ந்து உண்ணும் நாளில்தான் ஆலை உணவகமாயிற்று என்போம். அதுவரை அது கைமாறிய சொத்து மட்டுமே.