சொல்லியாயிற்று

ஹவாய்ப் பாடல்கள் பலவற்றின் கடைசிச் சரணம் ஒரே மாதிரி தொடங்குகிறது. கதை சொல்லியாயிற்று, இதுதான் அதன் சாரம் என்று அறிவித்துவிட்டு, பாட்டுக்குரியவரின் பெயரையோ ஓர் ஊரின் பெயரையோ சொல்லி முடித்துக் கொள்கிறது. இதற்கு 'ஹைனா' என்று பெயர். ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் முடியப் போகிறது என்று காட்டும் சமிக்ஞை என்ற அளவில் இது வெறும் சம்பிரதாயம்தான். ஆனால் முந்தைய சரணங்களைத் திரும்பிப் பார்த்தால் அங்கே கதை என்று ஒன்றும் இருப்பதில்லை. ஒரு மழை, ஒரு பூ, மலைச்சரிவில் கொஞ்சம் குளிர். அவ்வளவுதான். சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டதாக அறிவிக்கும் இந்தச் சரணம் என்னைச் சில மாதங்களாகத் தொந்தரவு செய்து வருகிறது. இது பொய்யா? பொய்யென்றால் ஒரு ஜனக்கூட்டம் முழுவதும் தலைமுறைகளாக இதை ஏன் மாற்றாமல் பாடி வருகிறது?

மறைபொருளை அவர்கள் 'கௌனா' என்கிறார்கள். நம்மவர்க்கு உடனே உள்ளுறையும் இறைச்சியும் ஞாபகத்துக்கு வரும். வரட்டும், ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. உள்ளுறை, மரபு தெரிந்த எவனும் முயன்று அடைந்துவிடக் கூடியது. அகப்பாட்டில் பெயர் சுட்டலாகாது. நெடுநல்வாடையில் வேலில் கட்டிய வேப்பந்தழை தலைகாட்டியதற்கே அதைப் புறம் என்று வாதாடியவர்கள் நாம். ஹவாய்க்காரன் இதற்கு நேர் எதிர். பெயரைச் சொல்லுவான், பொருளைச் சொல்ல மாட்டான். 'மெலே இனோவா' என்ற பெயர்ப்பாட்டை ஒருவருக்கென்று இயற்றித் தந்துவிட்டால் அது பெற்றவரின் சொத்து, இயற்றியவருக்குப் பாத்தியதை இல்லை. பிறர் பாடலாம், ஆனால் யாருடையது என்று சொல்லிவிட்டுப் பாட வேண்டும். பாட்டு இயற்றுவதற்கும் மாலை தொடுப்பதற்கும் அவர்களிடம் 'ஹகு' என்ற ஒரே வினைதான் என்பதையும் இங்கே சேர்த்து யோசிக்கலாம். மாலையைத் தொடுத்தவன் கழுத்தில் அது கிடப்பதில்லை.

மழைக்கே அங்கு 200க்கு மேற்பட்ட பெயர்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஹீலோவின் மழை வேறு, மனோவா பள்ளத்தாக்கின் மழை வேறு. பாட்டில் ஒரு மழையின் பெயர் வந்தால் ஊர் வந்துவிட்டது, பெரும்பாலும் ஆளும் வந்துவிட்டார். அந்த மழையில் நடந்தது என்ன என்பது மட்டும் வெளியே நிற்கும்.

இந்த மௌனத்தின் தார்மீகம் எனக்குப் புலப்பட்டது லிலியுவோகலானியின் வாழ்க்கையில்தான். 1893 ஜனவரியில் அமெரிக்க வியாபாரிகளின் கோஷ்டி அவரை அரியணையிலிருந்து இறக்கியது. 1895இல் அவரை மீட்க நடந்த கலகம் தோற்றது. ராணுவ நீதிமன்றம் அவர் மேல் நிரூபித்ததாகச் சொன்ன குற்றம் வினோதமானது. துரோகம் செய்தார் என்பதல்ல, துரோகம் நடக்கப் போவது தெரிந்தும் சொல்லாமல் இருந்தார் என்பது. அவர் மறுத்தார். தமது அரண்மனையிலேயே ஓர் அறையில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார். செய்தித்தாள் கூடாது என்று உத்தரவு. கூட இருந்த தோழியின் மகன் ஜானி வில்சன், பிற்காலத்தில் ஹொனலூலுவின் மேயர் ஆனவர், அப்போது இளைஞர். ராணியின் தோட்டத்துப் பூக்களைக் கொண்டுவருவார். பூக்களைச் சுற்றியிருந்த காகிதம் செய்தித்தாள். அவருக்காக ராணி ஒரு பாட்டு இயற்றினார். தோட்டத்துப் பூ ஒன்றை அது வியக்கிறது, கொண்டுவருகிறவரைப் பிரியத்தோடு விசாரிக்கிறது. காகிதம் எங்கும் இல்லை. சொல்லாதிருந்த குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர், சிறைக்குள் செய்த காரியமும் சொல்லாதிருப்பதுதான்.

வங்கியில் சேரும் அன்று நாங்கள் ரகசியக் காப்பு உறுதிமொழி ஒன்றில் கையெழுத்துப் போடுகிறோம். கவுண்டருக்கு அப்பால் நிற்பவரின் இருப்பு எவ்வளவு, மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எடுத்தது எவ்வளவு, மாதாமாதம் வேறொரு ஊரில் யாருக்குப் பணம் போகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் "மழை வரும்போல இருக்கே, சார்" என்கிறார். "வந்தாத் தேவலை" என்கிறேன். அந்த மழைக்குள் என்னென்ன இருக்கின்றன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இதை ஏமாற்று என்று எவனாவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கௌனாவைப் புதிர் என்று நினைத்து அவிழ்க்கக் கிளம்பும் விமர்சகர்கள் (நானும் அப்படித்தான் கிளம்பினேன்) தவறவிடுவது இதைத்தான். அது விடையுள்ள புதிரல்ல, இருவருக்கிடையே உள்ள உறவு.

ஆனால் இதை இப்படியே நியாயப்படுத்திவிடவும் முடியவில்லை. 1893இல் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த அரச வாத்தியக் குழுவினருக்காக எல்லன் பிரெண்டர்காஸ்ட் இயற்றியது 'கௌலானா நா புஆ'. அதில் பூக்கள் என்பது மண்ணின் மக்கள். அரசின் பணம் வேண்டாம், நிலத்தின் கற்களே உணவு என்பதால் கல் தின்னும் பாட்டு என்றும் பெயர். மெட்டோ உல்லாசமானது. அர்த்தம் தெரியாத வெள்ளைக்காரன் காலால் தாளம் போட்டுக் கேட்கலாம். அன்று இந்த மறைப்பு ஓர் ஆயுதம். பிறகு 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. இரண்டு தலைமுறையில் அர்த்தம் தெரியாமல் தாளம் போடுகிறவர்களின் வரிசையில் இயற்றியவர்களின் பேரப்பிள்ளைகளே வந்து நின்றார்கள். எதிரியிடமிருந்து மறைத்தது சொந்த வீட்டிலும் மறைந்துபோனால் அந்த மௌனத்துக்கு என்ன மதிப்பு?

இன்றைய பாட்டுக்காரனின் சங்கடம் இங்கிருந்து ஆரம்பிக்கிறது. 1978இல் ஹவாய் மொழி மீண்டும் ஆட்சிமொழி ஆயிற்று. 1984இல் அம்மொழியிலேயே நடத்தும் மழலைப்பள்ளி தொடங்கியது. இன்று எழுதுகிறவர்களில் பலர் மொழியை வளர்ந்தபின் கற்றவர்கள். கெயலீ ரெய்ச்செல் அப்படிக் கற்றவர். அவர் பாடிய சில பாடல்களை எழுதிய புவாகேயா நோகல்மையரோ ஹவாய் இனத்தவரே அல்ல. 1972இல் அமெரிக்காவின் உள்நாட்டிலிருந்து வந்து, தங்கி, அம்மொழிப் பேராசிரியரானவர். கேட்கிறவர்களில் பெரும்பான்மையோருக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். ஆகவே மேடையில் பாட்டுக்கு முன் ஒரு கதை, இசைத்தட்டின் உறையில் ஒரு குறிப்பு. ஹீலோவில் நடக்கும் மெர்ரி மோனார்க் விழாவின் ஹூலா போட்டிக்கு, பாட்டின் விளக்கத்தை நடுவர்களிடம் எழுத்தில் முன்கூட்டியே தர வேண்டும். மறைபொருளுக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம்!

நான் வந்து சேர்ந்த இடம் இது: யாருக்காக, எந்த ஊரில், எந்த மழையில் என்று சொல்வது கடமை. பழைய பெயர்ப்பாட்டு விதி கேட்பதும் அதைத்தான். என்ன நடந்தது என்று சொல்வது கடமையல்ல, பல சமயம் பெற்றவருக்குச் செய்யும் துரோகம். சொந்த அனுபவம் என்ற பெயரில் பிறரது அந்தரங்கத்தையும் சேர்த்துக் கொட்டிவிடும் கவிதைகளைப் படித்துச் சலித்த எனக்கு இந்த எல்லைக்கோடு பெரிய ஆறுதல்.

ஆறுதலைக் கெடுக்க 'ஹவாய் 78' என்ற பாட்டு இருக்கிறது. மிக்கி ஐயோனே எழுதியது. இஸ்ரேல் கமகவிவோஓலே 1993 இசைத்தட்டில் பாடியிருக்கிறார். பழைய ராஜாவும் ராணியும் இன்று வந்து, புனித நிலத்தின் மேல் நெடுஞ்சாலையையும் போக்குவரத்து விளக்குகளையும் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று, பெரும்பகுதியும் ஆங்கிலத்தில், அப்பட்டமாகக் கேட்கிறது. கௌனா இல்லை. விவரம் தெரியாதவனுக்கும் விளங்குகிறது. என் அளவுகோலின்படி இது தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு தடவை கேட்டேன், தாழவில்லை. நிலம் போவதை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டியவனிடம் போய் மறைத்துச் சொல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ராணியின் 'அலோஹா ஓயே' 1878இல், மௌனவிலி என்ற இடத்தில் (பெயர் நம் காதில் மௌனமாக விழுவது தற்செயல்தான்) யாரோ இருவர் கட்டித் தழுவி விடைபெற்றதைப் பார்த்துப் பிறந்ததாகச் சொல்வார்கள். வேறு யாருடையதோ ஒரு பிரிவு. 1961இல் அதை எல்விஸ் பிரஸ்லி சினிமாவில் பாடினார், ஓட்டல்களில் இன்றும் வழியனுப்பப் பாடுகிறார்கள். 1895இல், காவலில் இருந்த அந்த அறையில், முதலில் வாத்தியம் எதுவும் இல்லாமல், குரலை மட்டும் வைத்துக்கொண்டு சுரங்களைக் காகிதத்தில் இறக்கினார் ராணி. அப்படி எழுதியவற்றில் இந்தப் பழைய பாட்டும் ஒன்று. பதினேழு வருஷத்துக்கு முன்பே இயற்றியதில் ஒரு சொல்லும் மாற வேண்டியிருக்கவில்லை.