தெரியாமல் செய்த தீங்கு

1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் மையம் ஒன்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முழுமையாகச் சுத்திகரிக்கப்படாமல் லாரியில் வந்த நீரில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்திருந்தது. ஒருமுறை டயாலிசிஸ் செய்ய ஏறத்தாழ 120 லிட்டர் நீர் வேண்டும். மெல்லிய சவ்வு ஒன்றே அதை இரத்தத்திலிருந்து பிரிக்கிறது. குடல் தரும் காவல் அங்கே கிடையாது. யாரும் கொல்ல நினைக்கவில்லை. அப்படியென்றால் அது பாவமா, வெறும் விபத்தா?

எண்ணமே வினை என்கிறது பௌத்தம்; எண்ணமில்லாத இடத்தில் குற்றமில்லை என்று அதை வைத்து வாதிடலாம். ஆனால் அதே பௌத்தம் துறவியின் எட்டு உடைமைகளில் நீர் வடிகட்டியையும் சேர்த்தது. சமணமோ இன்னும் கறாரானது: கவனக்குறைவால் உயிர் போக்குவதே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். நுண்ணோக்கி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சமணர்கள் நீரைத் துணியில் வடித்துக் குடித்தார்கள். அதில் இருப்பதைக் கண்ணால் கண்டு செய்ததல்ல அது. உயிர்கள் இருக்கின்றன என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

கருவாரு நீரில் இருந்த அந்த நச்சை அப்போது யார் சோதித்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நச்சின் பெயர் தெரியாதது குற்றமல்ல. அரைகுறையாகச் சுத்திகரித்த நீர் என்பது தெரியக்கூடியது. அதைக் கேட்டறியாமல் குழாயில் இணைப்பது தேர்ந்தெடுத்த அறியாமை. படுக்கையில் கிடக்கும் நோயாளியால் அந்த நீரைச் சோதிக்க முடியாது. ஆகவே சோதிக்கும் கடமை முழுவதும் மருத்துவமனையுடையது, அதில் தவறுவது இம்சையே.