உடன்பட்டவர் பங்கு

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை வரும். இருமருங்கும் கரிசல் நிலம். மழையை மட்டுமே நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரிப் பூமி. நம் சமூகத்தார் பெரும்பாலும் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் வாழ்பவர்களாதலின், தென்பாண்டி நாட்டுத் தலங்களுக்கு யாத்திரை செல்லும்போது மட்டுமே அந்தக் கருமண்ணை மிதிக்கின்றோம்.

மலைப்பாறையில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளை வணங்குவோர் பலர். அவற்றின் கீழே பொறிக்கப்பட்டுள்ள வட்டெழுத்துகளைக் கவனிப்போர் சிலரே. ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் அங்குள்ளன. குரவரும் குரத்தியரும் அவர்தம் மாணாக்கரும் ஊர்ப்பெயரோடு குறிக்கப்பட்ட இல்லறத்தாரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். அவற்றுட் பலவற்றில் வரும் சொல் ‘செய்வித்த’ என்பதாகும். உளி பிடித்த கை வேறொருவருடையது. ஆயினும் செய்வித்தவரின் பெயர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாறையில் நிற்கிறது. செய்வித்தவருக்கும் அறத்திற் பங்குண்டு என்பதை நாம் ஐயமின்றி ஏற்கின்றோம். நல்வினைக்கு ஒப்புக்கொள்ளும் இந்தக் கணக்கைத் தீவினைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாவா? இக்கட்டுரை எழுப்பும் வினா அதுவே.

ஒரு தாயின் மரணம்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று, சென்னையை அடுத்த திருமுல்லைவாயிலில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஓராண்டு நிறையாத குழந்தை தாயின் கையிலிருந்து தவறிக் கீழிருந்த தகரக் கூரையில் விழுந்தது. அண்டை வீட்டார் துணிந்து முயன்று குழந்தையை மீட்டனர். மீட்பு நிகழ்ச்சி கைப்பேசியில் படமாக்கப்பட்டது. ஒரே நாளில் இலட்சக்கணக்கானோர் அதனைக் கண்டனர். மீட்டவர்களைப் பாராட்டிய அதே மூச்சில், தாயைப் பழித்து எண்ணற்ற சொற்கள் எழுந்தன. மூன்று வாரங்களுக்குள், கோவை மாவட்டத்திலிருந்த தம் தாய்வீட்டில் அப்பெண்மணி தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தக் காணொளி எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவிற்கும் வந்தது. பெரியவர் ஒருவர், பிள்ளையைக் காக்கத் தெரியாதவளுக்குப் பிள்ளை எதற்கு என்ற பொருள்படக் கடுமையாக எழுதினார். நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் எழுதியதன் கீழ்க் கட்டைவிரற் குறியொன்றை மட்டும் இட்டேன். அரை நொடிகூட ஆகியிராது. பின்னர் வழக்கம்போல் சாமாயிகத்தில் அமர்ந்தேன். மனத்தில் எவ்வித உறுத்தலும் இல்லை.

மரணச் செய்தி வந்த நாளில் குழுவில் எவரும் வாய் திறக்கவில்லை. மறுநாட் காலை ஒருவர் தீர்த்தங்கரர் படமொன்றுடன் காலை வணக்கம் அனுப்பினார். அந்த மௌனம்தான் என்னை இதனை எழுதத் தூண்டியது.

சட்டத்தின் எல்லை

இத்தகைய மரணத்திற்குச் சட்டம் யாரைப் பொறுப்பாக்கும்? அன்று நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவு, தற்கொலைக்கு உடந்தையாயிருப்பதைப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவு உள்ளது. உடந்தை என்பதற்குச் சட்டம் மூன்று வடிவங்களைக் கூறுகிறது: தூண்டுதல், சதியிற் சேர்தல், வேண்டுமென்றே உதவுதல். மூன்றிற்கும் கருத்து வேண்டும். கோபத்திலோ உணர்ச்சி வேகத்திலோ, விளைவைக் கருதாமற் கூறிய சொல் தூண்டுதல் ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2001-இல் இரமேஷ் குமார் வழக்கில் தெளிவுபடுத்தியது.

ஒருவரின் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு பாயும். மிரட்டினாலும் இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தந்தாலும் வேறு பிரிவுகள் உண்டு. ஆனால் முன்பின் அறியாத ஒரு தாயை ‘நீயும் ஒரு தாயா’ என்று பழித்த ஆயிரம் பேரை இவற்றுள் எதுவும் எளிதில் எட்டாது. ஜப்பானில் மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா 2020-இல் இணையப் பழிச்சொற்களுக்குப் பின் உயிர்நீத்தபோது, எழுதியவர்களுள் இருவருக்குத் தலா 9,000 யென் மட்டுமே அபராதமாகக் கிடைத்தது. அதனால் எழுந்த வேதனையே, 2022-இல் அந்நாடு அவமதிப்புக் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தைத் திருத்தக் காரணமாயிற்று.

நம் நாட்டிலும் சட்டத்தை அவ்வாறு விரித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். விரித்துப் பார்த்ததும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, மனத்தைப் புண்படுத்தும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் குறித்து மகாராஷ்டிரத்தின் பால்கர் என்ற ஊரில் ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். அவர் தோழி அதற்கு ‘லைக்’ இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர். நாடு கொதித்தது. அதன்பின் எழுந்த வழக்கிலேதான் 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அப்பிரிவை அடியோடு நீக்கியது.

அந்தத் தீர்ப்பு சரியானதே என்று கருதுகிறேன். விரல்நுனியின் அசைவைக் கொண்டு உள்ளத்தை அளக்கும் அதிகாரத்தைக் காவல் நிலையத்திற்குத் தந்தால், வலியவர் எளியவரை ஒடுக்கவே அது பயன்படும். பிறர் உள்ளத்தை நாம் காண இயலாது. ஆதலின் சட்டத்தின் வலை அகன்ற கண்களை உடையதாகவே இருத்தல் வேண்டும். ஆயின் வலையிலிருந்து தப்பியவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா? அவன் உள்ளத்தை அவன் காண்பானே!

அறத்தின் கணக்கு

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை ஊற்றின் வகைகளை எண்ணிக் காட்டுகிறது. எண்ணித் துணிதல், கருவி சேர்த்தல், செய்யத் தொடங்கல் என நிலைகள் மூன்று. மனம், மொழி, மெய் என வாயில்கள் மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என முறைகள் மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், பற்று எனக் கடும்பற்றுகள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 ஆகும். நம் ஜெபமாலையின் மணிகள் 108 ஆனதற்கு இதனைக் காரணமாகக் கூறுவதுண்டு. சட்டப் பிரிவின் எண்ணும் 108 ஆனது தற்செயலே. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். செய்தலையும் செய்வித்தலையும் சட்டம் அறியும். உடன்படுதல் என்ற மூன்றாம் முறை மட்டும் அதன் கைக்கு எட்டாது. நான் இட்ட கட்டைவிரற் குறியோ உடன்படுதலையன்றி வேறொன்றும் இல்லை.

இங்கு இரண்டு மறுப்புகள் எழும்.

முதலாவது, ‘அவரவர் வினை அவரவர்க்கு, அந்த அம்மையாரின் மரணம் அவர் முன்செய்த வினையின் பயன், பிறரைக் குறை கூறுவது நம் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது’ என்பது. நம்மிடையே அடிக்கடி கேட்கும் சொல் இது. ஆட்டை வெட்டுகிறவனும் இதையே கூறலாமே! ஆட்டின் வினை அதனைக் கத்திக்குக் கொணர்ந்தது என்று அவன் சொன்னால் நாம் ஏற்போமா? பிறர் வினை பிறரைச் சாரும் என்பது உண்மையாயின், அதற்கு நிமித்தமாய் நின்ற என் உள்ளத்தின் கொடுமை என்னைச் சாரும் என்பதும் அதே அளவு உண்மை. வினைக்கோட்பாடு நம்மை நாமே ஆராய்வதற்குத் தரப்பட்ட விளக்கு. அதனைப் பிறர் துன்பத்தின் மேற்காட்டி நாம் இருளில் ஒதுங்கி நிற்பது முறையன்று.

இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. ‘உயிரை மாய்த்துக்கொள்ளுதற்கு ஒரே காரணம் இருப்பதில்லை, மனநோய், தனிமை, குடும்பச் சூழல் எனப் பலவும் சேரும், பழிச்சொல்லே கொன்றது என்று எங்ஙனம் துணிவது?’ இது மெய். அப்பெண்மணியை நாங்கள் கொன்றோம் என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. இல்லை என்று சொல்லவும் துணிவில்லை. ஆயின் அறத்தின் கணக்கு அந்த விடைக்காகக் காத்திருப்பதில்லை. மனமொழிமெய்களின் கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்று நம் முன்னோர் வரையறுத்தனர். துயருற்ற ஒருத்தியை அறியாமலே இகழ்ந்தபோது கவனமின்மை நிறைவுற்றுவிட்டது. அவர் உயிரோடிருந்திருந்தாலும் அக்கட்டு எனக்கு விழுந்தே இருக்கும்.

ஆயிரம் பேர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவர் பங்கும் ஆயிரத்தில் ஒன்றாகக் குறையுமா? கடன்சுமை அவ்வாறு பிரியலாம், வினை பிரிவதில்லை. அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், ஒருவன் செய்த கொலையின் பயனைப் பலர் நுகர்தலும், பலர் செய்ததன் பயனை ஒருவன் நுகர்தலும் உண்டு என்று விளக்குகிறார். அளவுகோல் எண்ணிக்கையன்று, அவரவர் உள்ளத்தின் கருத்தே. வெறுப்புடன் எழுதியவனுக்கு மிகுதி; வேடிக்கையாகப் பகிர்ந்தவனுக்குக் குறைவு; எனினும் எவருக்கும் சுழியம் இல்லை.

இல்லறத்தார் செய்யத்தக்கன

குணவிரதங்களுள் அனர்த்த தண்டம் தவிர்த்தல் ஒன்று. பயனின்றித் தீங்கு செய்யாமை என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் ஓதப்படுவன. அனர்த்த தண்டத்தின் வகை ஐந்தனுள், பிறர் கெடுக என நினைத்தலும், மனத்தைக் கெடுப்பனவற்றைக் கேட்டலும் அடங்கும். கேட்டலையே தீங்கெனக் கண்டவர்கள், பார்த்துப் பரப்புதலை என்னென்பர்? இருள்சேர்ந்தபின் உண்ணாமல் நோன்பு காக்கும் நாம், இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் பிறர் மானத்தை உண்கின்றோம்.

ஆதலின், அறிமுகமற்ற ஒருவரைப் பழிக்கும் செய்தி வந்தால் அது நம் கையோடு நின்றுபோகட்டும். குழுவை நடத்துபவர் அதனை நீக்குதலைத் தம் கடமையாகக் கொள்ளட்டும். நம் பிள்ளைகளுள் ஒருவருக்கே இத்துன்பம் நேர்ந்தால், ‘நீ ஏன் படம் போட்டாய்’ என்று தொடங்காமல், ‘நான் இருக்கிறேன்’ என்று தொடங்குவோம். காலம் தாழ்த்துதலும் தீங்கே. 2016-இல் சேலம் மாவட்டத்தில், மாற்றப்பட்ட படங்கள் முகநூலில் பரவியதால் ஓர் இளம்பெண் உயிர்நீத்தார். அவர் தந்தை முன்னரே புகார் செய்திருந்தார். நடவடிக்கை தாமதமானதற்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். இன்று இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணிலும், மனச்சோர்வுக்கு 14416 என்ற எண்ணிலும் அரசின் உதவி கிடைக்கிறது. இவ்வெண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

செய்த பிழைக்குப் பிரதிக்கிரமணம் உண்டு. மூன்று நாட்களுக்குப்பின் அதே குழுவில், ‘நான் இட்ட குறி தவறு, அதற்காக வருந்துகிறேன்’ என்று எழுதினேன். இருவர் ஆதரவாகப் பதில் எழுதினர். அந்தப் பெரியவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவரை நேரிற் கண்டு பேச வேண்டும் என்றிருக்கிறேன், இன்னும் செல்லவில்லை. அவரைத் திருத்துதற்காக அன்று. அவர் சொல்லுக்கு நான் துணைநின்றேன் என்பதைச் சொல்லுதற்காக.

கரிசல் மண்ணில் கோடையில் நடந்தால் தூசி காலைத் தொட்டு உதிர்ந்துவிடும். மழை பெய்தபின் நடந்தால் அதே மண் அடிக்கு அடி அப்பிக்கொண்டு காலைத் தூக்கவொட்டாது. வெகுளியும் செருக்குமே அந்த ஈரம். இனிக் கழுகுமலை செல்லும் அன்பர்கள், திருமேனிகளை வணங்கிய பின் கீழே குனிந்து, ‘செய்வித்த’ என்ற அச்சொல்லையும் ஒருமுறை தேடிப் பார்ப்பார்களாக. நம் பெயர் எதன்கீழ் எழுதப்படுகிறது என்பதை ஒவ்வொரு நாளும் நம் விரலே தீர்மானிக்கிறது.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!